ஜெபம் முடிந்த பிறகு யார் வருவது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் யாராவது வியாதியாகப் படுத்தால், உபதேசியார் வருவார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வருவார்கள். பாயைச் சுற்றி முழங்கால் போட்டு, கண்ணீர் விட்டு ஜெபம் செய்வார்கள்.

நல்ல பழக்கம். "நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்" என்ற தெம்பு நோயாளிக்கு வரும். அந்தத் தெம்பே பாதி மருந்து.

ஆனால் ஜெபம் முடிந்து, காப்பி குடித்து, எல்லோரும் எழுந்து போன பிறகு?

நோயாளி அதே பாயில் கிடக்கிறார். காலையில் அவரைக் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? மகன் திருப்பூரில் இருக்கிறான். மருமகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. கட்டுத்தறியில் இரண்டு வெள்ளாடு கத்துகிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் சீட்டு வாங்க, வரிசையில் நிற்க, ரத்தம் எடுக்கும் இடத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள் இல்லாமல்தான் பல வீடுகளில் வியாதி முற்றுகிறது.

108-க்கு போன் செய்தால் வண்டி வரும். 2008 முதல் அந்த வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது. வண்டியில் கூட ஏறுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா?

சமாரியன் செய்தது என்ன?

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை பலருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த வழியே ஓர் ஆசாரியன் வந்தான், ஒதுங்கிப் போனான். ஒரு லேவியன் வந்தான், அவனும் போய்விட்டான். இருவருமே ஆலயத்தில் ஊழியம் செய்கிறவர்கள்! யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத சமாரியன் ஒருவன்தான் நின்றான்.

நின்றவன் என்ன செய்தான்? காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தின் மேல் அவனை ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்து, அன்று கூட இருந்து கவனித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசைக் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான்.

மருந்து, வண்டி, தங்க இடம், கைச்செலவு, துணைக்கு ஆள்! ஒன்றுகூடப் பாக்கி இல்லை. நான்கு சுவிசேஷங்களில் லூக்கா எழுதியதில் மட்டுமே இந்தக் கதை வருகிறது. லூக்காவை வைத்தியன் என்று வேதம் சொல்கிறது. வைத்தியர் எழுதிய புத்தகத்தில் மருந்தும் கட்டும் இடம் பெற்றதில் ஆச்சரியம் என்ன?

பஞ்ச காலத்தில் வந்தவர்

அந்த லூக்காவின் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி இதே தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்தில் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து தெற்கே போனால், கரிசல் முடிந்து பனங்காடும் தேரி மணலும் தெரிகிற சீமை அது. 1870-ல் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கியவர் ஸ்ட்ராச்சன். பாதிரியாராகவும் டாக்டராகவும் இருந்தவர். 1876-ல் மர்காஷிஸ் ஐயர் வந்தார்.

அவர் வந்த நேரம் தாது வருஷப் பஞ்ச காலம்! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியாலும் காலராவாலும் மடிந்தார்கள். மர்காஷிஸ் ஐயர் கோயிலில் ஜெபம் நடத்தினார். அதே கையால் நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி வைத்தார். அவர்கள் பிழைக்க வழி வேண்டுமென்று தொழிற்பள்ளியும் தொடங்கினார். 1908-ல் இறக்கும்வரை நாசரேத்தை விட்டுப் போகவில்லை.

ஜெபம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அவர் பிரிக்கவில்லை. இன்றைக்குச் சிலர் பிரிக்கிறார்கள். "விசுவாசம் இருந்தால் போதும், மாத்திரையை நிறுத்து" என்று சுகமளிக்கும் கூட்டங்களில் சொல்கிறவர்கள் உண்டு. இது விசுவாசம் அல்ல; பிறர் உயிரோடு விளையாடுவது. காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறையும். "சுகமாகிவிட்டது" என்று சாட்சி சொல்லி மருந்தை நிறுத்தினால், நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் ஒட்டும். சர்க்கரை வியாதிக்காரர் ஊசியை நிறுத்தினாலும் ஆபத்துதான். கடவுளிடம் கேட்டு, டாக்டரிடம் போனால் கடவுள் கோபித்துக்கொள்வாரா?

நோயாளி எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்றும் பார்க்க வேண்டியதில்லை. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலில் ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு இந்துக்களும் திரளாக வருகிறார்கள். திருவிழாவில் பக்கத்தில் நின்றவர், ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரக் கூடாதா?

ஊர்தோறும் ஜெபக் கூட்டங்கள் நடக்கின்றன. "ஆமென்" சொன்னதும் பாயைச் சுருட்டாமல், இன்னும் ஐந்து நிமிஷம் இருந்து பேசலாம். நாளைக் காலை பஸ்ஸில் இவரோடு யார் போவது? மருமகளுக்குக் கூலி போனால், அரிசிக்கு யார் கொடுப்பது? அவர்கள் திரும்பும்வரை அந்த இரண்டு ஆட்டை யார் மேய்ப்பது? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு யார் வீட்டில் சோறு?