உடைந்தது ஒன்று, மாற்ற வேண்டியது எத்தனை?

உடன்குடி வணிகர்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருப்போர் பலர். பழைய ஆம்னியோ, டாடா ஏஸோ, கருப்பட்டிப் பெட்டியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், பாளையங்கோட்டை என்று ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். சாலைகளை வெள்ளம் அறுத்துச் சென்ற பிறகும் சரக்கு ஓட்டம் நிற்கவில்லை. அந்தக் குழிகளின் அடியெல்லாம் வாங்கியது கமான் பட்டையும் ஷாக் அப்சார்பரும் புஷ்களும்தான்.

இப்படித் தேய்ந்த வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டால் இரண்டு பேச்சுக் கேட்கிறோம். "மொத்தமா மாத்திருங்க அண்ணாச்சி, நிம்மதியா ஓடும்" என்பார் மெக்கானிக். "உடைஞ்சதை மட்டும் போடு தம்பி, வியாபாரம் டல்லு" என்போம் நாம். இரண்டுமே கணக்குக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. ஒரு மூட்டையில் வண்டு விழுந்தால் குடோனையே காலி செய்வதில்லை. ஆனால் பக்கத்து மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலும் விடுவதில்லை. அதே புத்தி இங்கும் வேண்டும்.

முதலில், காசு பார்க்கக் கூடாத இடம். பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு ஆகியவற்றில் ஆட்டம் கண்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஓட்டத்தில் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நம் கடைப் பையன். இதில் டூப்ளிகேட் சாமான் வாங்குவது பாவம். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால், மிச்சம் பிடித்த காசை டயர் தின்றுவிடும்.

ஷாக் அப்சார்பர் அப்படியல்ல. அதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் செத்தது என்றால் பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆனால் முன்பக்கம் போனதற்காகப் பின்பக்க ஜோடியையும் மாற்ற வேண்டியதில்லை. மேலே லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் பயமில்லை. ஒழுகினால், அல்லது டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்தால், அதன் காலம் முடிந்தது என்று பொருள்.

புஷ் விலை குறைவு; பிரித்து மாட்டும் கூலிதான் அதிகம். மணப்பாடு, குலசை பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் போல்ட்டு துருவேறி, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஓர் இடத்தைப் பிரித்தால் அங்குள்ள ரப்பர் புஷ் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது லாபம். ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு.

கமான் பட்டையில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், மற்றவை வளைவு இழக்காமல் இருந்தால். சரக்கை இறக்கி, சமதரையில் நிறுத்தி, இரு பக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். தொங்கிப்போன கட்டில் ஒரு புதுப் பட்டையைச் செருகினால் பாரமெல்லாம் அதன்மேல் விழுந்து அதுவும் உடையும். அப்போது இரு பக்கக் கட்டையும் மாற்றுவதே சிக்கனம். வெறுமனே நெருப்பில் காய்ச்சி வளைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். முறையாகப் பதம் ஏற்றாத எஃகு சில லோடிலேயே பழையபடி படுத்துவிடும். கட்டைக் கழற்றினால் யூ போல்ட்டையும் புதிதாகப் போட்டு, முதல் சில லோடு போய் வந்ததும் மறுபடி இறுக்க வேண்டும்.

"கூடுதலா ஒரு பட்டை வைச்சுருங்க, இன்னும் பத்து மூட்டை ஏத்தலாம்" என்ற யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பட்டை கூடினாலும் பிரேக்கும் ஆக்சிலும் சேசிஸும் பழையவைதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரே பக்கத்துப் பட்டை மீண்டும் மீண்டும் உடைகிறதென்றால் குறை பட்டையில் இல்லை, நாம் மூட்டை அடுக்கும் முறையில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. கடைப் பெயரில் உள்ள சரக்கு வண்டிக்கு வாங்கும் பாகங்களில் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு அது கிடையாது. பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்து வாங்குவோர் இதைக் கணக்கில் சேர்க்கட்டும்.

கடன் பாக்கிக்கு நோட்டுப் போடும் நாம் வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடலாம்: எந்தப் பாகம், எந்தப் பக்கம், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று. மெக்கானிக் நீட்டும் பட்டியலை அந்த நோட்டோடு ஒப்பிட்டு, கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.