சடைநாய்க்கு ஏற்ற சீப்பு எது?

நம்மவர் பிறந்த ஊர்களில் நாய் வளர்த்த முறை வேறு. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய நாய்களுக்கெல்லாம் உடலோடு ஒட்டிய குற்றுரோமமே உண்டு. குளிப்பாட்டித் துணியால் துவட்டிவிட்டால் வேலை முடிந்தது. அப்பழக்கத்தோடு மேல்கோட்டைக்கு வந்து குடியேறிய நாம், பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கி வெள்ளைச் சடைநாயை வளர்க்கத் தொடங்கினால், பழைய முறை போதாது.

பொமரேனியன் என்று நாம் அழைக்கும் நாய்களுட் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் இனத்தவை. இவ்வினத்தின் உரோமம் இரண்டடுக்காக இருக்கும். மேலே நீண்ட உரோமம். கீழே பஞ்சு போன்ற அடியுரோமம். அடியுரோமம் உதிரும்போது தரையில் விழாது மேலுரோமத்திற் சிக்கிக்கொள்கிறது. நாளடைவில் அது கம்பளித் துண்டுபோல் திரண்டுவிடுகிறது. காதின் பின்புறம், முன்காலின் இடுக்கு, பின்தொடை, கழுத்துப்பட்டை உராயும் இடம் ஆகியவற்றிலேயே சிக்கு முதலில் தோன்றும்.

சிக்கினால் அழகு கெடுவது மட்டுமன்று. அது தோலை இழுத்து நோவு தரும், ஈரம் தங்கிப் புண்ணாகும், உண்ணிக்குப் புகலிடமாகும். புதர்களினூடே உலவிவரும் நாய்க்கு மட்டுமன்றி, வீட்டோடு கிடக்கும் நாய்க்கும் உண்ணி ஒட்டும். சுவரிடுக்கிலும் அது வாழும். உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயின் உயிரையே கொள்ளக்கூடும். ஆகவே தோல்வரை எட்டும் கருவியே நமக்கு வேண்டும்.

கடைகளில் நால்வகைக் கருவிகளைக் காணலாம். மெல்லிய நாருடைய பிரஷ் குற்றுரோம நாய்க்கே உரியது. சடைநாய்க்கு மேற்பரப்பைப் பளபளப்பாக்கி நம்மை ஏமாற்றிவிடும். ரப்பர் மெத்தையில் முனை மழுங்கிய கம்பிகள் பதித்த பிரஷ் அன்றாடம் சீவுவதற்கு உகந்தது. வளைந்த நுண்கம்பிகள் நெருங்கிய பிரஷ், சிக்கையும் உதிர்ந்த அடியுரோமத்தையும் எடுக்கும். அழுத்தினால் தோல் கீறும். முதலில் நம் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்த்து அழுத்தத்தை அறிந்துகொள்க. நான்காவது எஃகுச் சீப்பு. பாதி அகலப்பல், பாதி நெருக்கப்பல் உள்ளது சிறந்தது. இரண்டே வாங்க இயலுமெனில், மெத்தைப் பிரஷும் எஃகுச் சீப்பும் போதும். கம்பி, உரோமத்தின் ஆழத்தைத் தாண்டித் தோலைத் தொடும் நீளமுடையதாக இருத்தல் வேண்டும்.

குளிப்பாட்டுவதற்கு முன்னரே சீவுக. நனைந்த சிக்கு மேலும் இறுகும். இடக்கையால் உரோமத்தை மேலே தூக்கி, தோல் தெரிய வகிடெடுத்து, கீழிருந்து அடுக்கடுக்காகச் சீவுக. பின்னர்ச் சீப்பை ஓட்டுக. அது தடையின்றி ஓடினால் வேலை செவ்வையாயிற்று. நின்றால் அங்கே சிக்குண்டு. அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து விரலாற் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுக்கற்க, சிக்கோடு தோலும் எழுந்து வெட்டுப்படும். இறுகிய சிக்கைக் கால்நடை மருத்துவரிடம் விடுவதே நன்று. உண்ணியைக் கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேராக இழுத்தெடுக்க வேண்டும், விரலால் நசுக்கலாகாது.

கோடை வந்ததும் நாயை மழிப்பவர் உளர். அது தீங்கு. வெயில் நேரே தோலிற் படும். மழித்த உரோமம் முன்போல் வளராமலும் போகலாம். உதிர்ந்ததைச் சீவி நீக்கினாலே காற்றோட்டம் உண்டாகும்.

வாரம் இருமுறை, உரோமம் உதிரும் காலத்தில் நாள்தோறும், கால்மணி நேரம் ஒதுக்குவோம். நாயைக் கேட்ட பிள்ளையிடமே சீப்பையும் கொடுத்துப் பழக்குவோம்.