மருந்தா, விஷமா?

1967 மார்ச் 18-ம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள பாறையில் 'டோரி கான்யன்' கப்பல் மோதிற்று. அதில் இருந்தது சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய். கரையெல்லாம் கறுத்தது. பதறிப்போன பிரிட்டிஷ் சர்க்கார் கடலிலும் கரையிலுமாக 10,000 டன் அளவுக்கு ரசாயனத்தைக் கொட்டிற்று.

இந்த ரசாயனம் எண்ணெயை அழிப்பதில்லை. பொடித் துளிகளாகச் சிதறடித்து நீரோடு கலந்துவிடும். கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவுதான். அக்காலத்துச் சரக்கோ எண்ணெயைவிடக் கொடிய விஷம்! பாறையோடு ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கடல் நத்தைகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. மேய ஆளில்லாமல் பாறைகளில் பச்சைப் பசேலென்று பாசி மண்டிற்று. பார்ப்பதற்கு அழகுதான், பாவம்! ரசாயனம் படாத கரை 2, 3 ஆண்டுகளில் தேறிவிட்டது. கொட்டித் தீர்த்த இடங்களுக்கோ 10 முதல் 15 ஆண்டுகள் பிடித்தன.

பிற்பாடு வந்த சரக்குகள் விஷம் குறைந்தவை என்பது உண்மை. கடற்பறவைகளைக் காப்பாற்ற, கரைக்கு வெகு தொலைவில் தூவுவதில் நியாயமும் உண்டு. ஆனால் மிதவை வேலி கட்டி அள்ளக்கூடிய எண்ணெயை அள்ளாமல், பீப்பாயைத் திறப்பது சோம்பேறி வைத்தியம். 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது சுமார் 70 லட்சம் லிட்டர் கொட்டினார்கள். அதில் ஒரு பங்கு, 1,500 மீட்டர் ஆழத்தில், கிணற்றின் வாயிலேயே செலுத்தப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் அதற்குமுன் யாரும் அதைக் கையாண்டு பார்த்ததில்லை.