கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

மதுரையில் கார் பட்டறை நடத்துகிறவன் நான். எங்கள் தொழிலில் ஒரு விநோதம் உண்டு. கெட்டுப்போன பொருளை மாற்றினால் காசு கிடைக்கும். எது கெட்டது என்று கண்டுபிடித்தால் கிடைக்காது. "பார்த்ததுக்கெல்லாமா காசு கேப்பீங்க, அண்ணே?" என்பார்கள். வண்டி வைத்திருப்பவர்களின் பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் பெல்ட் சத்தம். காலையில் செல்ஃப் எடுத்ததும் பானட்டுக்குள் ஒரு கிரீச்சல். தெரு நாய்கூட எழுந்துவிடும். உடனே உரிமையாளர் தீர்ப்பு எழுதிவிடுகிறார், பெல்ட் போச்சு என்று. வந்ததும் "பெல்ட்டை மட்டும் மாத்திவிடுங்க" என்கிறார். மாற்றினால் சத்தம் நிற்கும். சில வாரங்களில் திரும்ப வரும். அப்போது பழி புது பெல்ட்டின் மேல். எங்கள் ஊர்க் கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் ஆலை இருக்கிறது. பெல்ட் செய்கிற ஊர்க்காரன் என்பதால் இந்தப் பழி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

கத்துவது பெல்ட்தான், கத்த வைப்பது பெரும்பாலும் வேறொன்று. கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பும் அந்த ஒற்றைப் பெல்ட், வண்டியைப் பொறுத்து, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரெசர், பவர் ஸ்டீயரிங் பம்ப் என்று பலவற்றைச் சுற்ற வைக்கிறது. இவற்றில் ஒன்று இறுகினாலும், ஒரு புல்லி சற்றே சாய்ந்தாலும், சத்தம் பெல்ட்டில்தான் கேட்கும். காலையில் மட்டும் கத்தினால் பேட்டரியையும் சந்தேகப்பட வேண்டும். பலவீனமான பேட்டரி செல்ஃப் எடுத்ததும் இறங்கிவிடும். அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் திணறும். அந்தச் சுமையில் பெல்ட் வழுக்கும். ஏசி போட்டதும் கத்தினால் சந்தேகம் கம்ப்ரெசர் பக்கம் போகும். ரேடியேட்டர் தண்ணீரோ ஆயிலோ கசிந்து பெல்ட்டில் பட்டிருந்தால், கசிவை அடைக்காமல் எத்தனை பெல்ட் போட்டாலும் அதே கதைதான்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். சத்தம் அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் நேராக இல்லை என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் பட்டதும் கத்தல் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் போதவில்லை. அடுத்து எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்போம். கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அழுத்தி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த அரை மணிக்குள் பல வருட அனுபவம் இருக்கிறது.

அம்பாசடர் காலத்தில் இவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு ஃபேன் பெல்ட்; கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போக வேண்டும்; கூடக் குறைய இருந்தால் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திவிடலாம். பழைய நியோபிரீன் பெல்ட் தேய்ந்தால் வெடித்துக் காட்டியும் கொடுக்கும். இன்றைய இபிடிஎம் ரப்பர் பெல்ட் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. டயர் போல வரிகளுக்கிடையே சத்தமில்லாமல் தேய்கிறது. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்கிற காலம் போய்விட்டது என்பதால்தான் சோதனைக்கு இன்னும் மதிப்பு வேண்டும் என்கிறேன்.

அதற்குக் கூலி இல்லையென்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? சில நூறு ரூபாயில் தொடங்கும் பெல்ட்டை மாற்றி, அதில் கிடைக்கும் லாபத்தோடு வண்டியை அனுப்பிவிடுவார். இன்னும் சிலர் ஒரு ஸ்பிரேயை அடித்துவிடுவார்கள். சோப்பைத் தேய்ப்பவர்களும் உண்டு. சத்தம் அன்றைக்கு நிற்கும். பேரிங் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அது இறுகிப் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நின்றுவிடும். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறிவிட்டால் ஹெட் வேலை வரைக்கும் இழுத்துவிடும். அந்த பில்லை நீட்டும்போது யாரும் பேரம் பேசுவதில்லை.

"சோதனைக் கூலி என்று வாங்கிக்கொண்டு, பார்க்காமலே பார்த்தேன் என்றால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதனால் கூலி கொடுங்கள், கூடவே கணக்கும் கேளுங்கள். தண்ணீர் தெளித்துப் பார்ப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். எது கெட்டது, எப்படித் தெரிந்தது என்று பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பெல்ட்டை வாங்கி, அதில் இருக்கும் எண்ணைப் புதியதோடு ஒப்பிடுங்கள். 6பிகே1750 என்றால் ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். நீளம் கொஞ்சம் கூடினாலும் மாட்டிவிடலாம். ஆனால் டென்ஷனர் இழுக்க இடமில்லாமல் நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தீர்ப்போடு வராமல் சாட்சியோடு வாருங்கள். எப்போது கத்துகிறது? காலையிலா, மழையிலா, ஏசி போட்டாலா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாலா? இதைச் சொன்னாலே எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

என் பட்டறைச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் முதல் வரி சோதனைக் கூலிதான். அங்கேயே வேலை செய்தால் அதைக் கழித்துக்கொள்வதில்லை. கழித்தால் மறுபடியும் பொருள் விற்கத்தான் மனம் போகும். அந்த வரியைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள், காருக்கு மட்டும் நேரே மருந்துக் கடைக்குப் போவது ஏன் என்பதற்கு எனக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.