எழுந்து நின்று வழியனுப்புவோம்

இந்த வாரத் தியானப் பகுதி: எண்ணாகமம் 8:23-26, அப்போஸ்தலர் 20:17-38



2014 மார்ச் 8 அன்று, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் அவிவா அரங்கத்தில், அயர்லாந்து அணியும் இத்தாலி அணியும் ரக்பி விளையாடின. அயர்லாந்து 46-7 என்ற கணக்கில் எளிதாக வென்றது. ஆனால் அங்கே திரண்டிருந்தவர்களின் மனம் வெற்றியின் மேல் மட்டும் இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் நாட்டுக்காக ஆடிய பிரையன் ஓ'டிரிஸ்கால், சொந்த மண்ணில் அயர்லாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. இரண்டாம் பாதியில் அவர் மாற்று வீரருக்கு இடங்கொடுத்து வெளியேறியபோது, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடிந்த பின்பு, “இன்னும் ஓர் ஆண்டு” என்று கூட்டம் அவரை நோக்கிக் குரலெழுப்பியது. இத்தாலிக்கு எதிரான அந்த ஆட்டத்தோடு, லயன்ஸ் அணிக்காக ஆடியவற்றையும் சேர்த்து, அவர் 140 சர்வதேச ஆட்டங்களை நிறைவு செய்திருந்தார். அதுவரை உலகில் வேறு எவரும் அத்தனை ஆடியதில்லை.

இதைக் கேட்டவுடன் நம்மில் சிலருக்கு ஒரு தயக்கம் எழக்கூடும். மனிதனுக்கு இத்தனை ஆரவாரம் தகுமா? மகிமை தேவனுக்கு மட்டுமே உரியதல்லவா? இது நியாயமான கேள்வி. ஆனால் விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அப்போஸ்தலனாகிய பவுலின் வாழ்வில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். லீஸ்திராவில், பிறவியிலேயே நடக்க முடியாதவன் எழுந்து நடந்ததைக் கண்ட மக்கள், பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று எண்ணிப் பலியிட வந்தார்கள். இருவரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு அவர்களைத் தடுத்தார்கள். அதே பவுல் பின்னர் மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களை அழைத்து விடைபெற்றபோது, அவர்கள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், முத்தமிட்டார்கள், கப்பல்வரை கூடவே சென்றார்கள். அதை அவர் தடுக்கவில்லை.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? லீஸ்திராவின் மக்கள் ஒரே ஓர் அற்புதத்தைப் பார்த்தார்கள். அந்த மனிதரை அவர்களுக்குத் தெரியாது. எபேசுவின் மூப்பர்களோ மூன்று ஆண்டுகள் அவருடைய கண்ணீரையும் கைவேலையையும் சோதனைகளையும் பார்த்திருந்தார்கள். முன்னது மயக்கத்தில் பிறந்த வழிபாடு. பின்னது நினைவில் பிறந்த நன்றி. ஒருவருடைய உழைப்பை அறிந்து, நினைவில் வைத்து, அவரிடமே அதைச் சொல்வது தேவனுடைய மகிமையிலிருந்து எதையும் திருடுவதில்லை. அந்த மனிதரைத் தந்தவருக்குச் செலுத்தும் துதியே அது.

டப்ளினில் எழுந்து நின்றவர்களுக்கும் நினைவில் வைத்துக்கொள்ள நிறையவே இருந்தது. 2000ஆம் ஆண்டில், 21 வயது இளைஞராகப் பாரிஸில் பிரான்சுக்கு எதிராக அவர் மூன்று ‘டிரை’கள் அடித்தார், 28 ஆண்டுகளுக்குப் பின் அயர்லாந்து அங்கே வென்றது. 2009இல் அவர் தலைமையில் ஆறு நாடுகள் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் அயர்லாந்து வென்றது. 1948க்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. ஆனால் மக்கள் நினைவுகூர்ந்தவை வெற்றிகள் மட்டுமல்ல. 2005இல் லயன்ஸ் அணியின் தலைவராக நியூசிலாந்துக்குச் சென்றவர், முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் தோள்மூட்டு விலகி வெளியேறினார். 2013இல், ஆஸ்திரேலியாவில் தொடரைத் தீர்மானிக்கும் கடைசி டெஸ்டுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. நாடே கொதித்தது. அவரில்லாமலே லயன்ஸ் 41-16 என்று வென்றது. காயத்தையும் ஒதுக்கப்பட்ட அவமானத்தையும் கடந்து மறுபடியும் களத்துக்கு வந்தவர் என்பதை அறிந்தே அவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலுக்குக் கனம் கொடுப்பது இந்த அறிவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அயர்லாந்தின் ரக்பி அணி எல்லைக்கோட்டின் இருபுறத்துக்கும் பொதுவானது. தெற்கே உள்ள குடியரசிலிருந்தும் வடக்கே உள்ள வட அயர்லாந்திலிருந்தும் வீரர்கள் ஒரே சட்டையை அணிகிறார்கள். கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த இரு சமூகங்கள் பகைமையில் மூழ்கி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் மாண்ட தீவு அது. 1998இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஓ'டிரிஸ்கால் நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். அந்தத் தீவின் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒருமித்து எழுந்து நிற்க ஓர் ஆட்டக்காரரின் பிரிவுபசாரம் போதுமானதாக இருந்தது. நம் சபைகளிலோ, தேர்தலில் எதிரணியில் நின்றவர் என்பதற்காகவே, ஓய்வுபெறும் ஒருவருடைய வழியனுப்பு ஆராதனைக்கு வராமல் இருந்துவிடுகிறோம். விளையாட்டு அரங்கத்தில் கூடும் ஒற்றுமை ஆலயத்தில் கூடவில்லையென்றால், அது நம்மை வெட்கப்படுத்த வேண்டும்.

இனி, அந்த “இன்னும் ஓர் ஆண்டு” என்ற குரலுக்கு வருவோம். அது அன்பின் குரல்தான். ஆயினும் அவர் அதற்கு இணங்கவில்லை. அடுத்த வாரம் பாரிஸில் 22-20 என்று வென்று, ஆறு நாடுகள் தொடரின் பட்டத்தோடு அயர்லாந்துச் சட்டையைக் கழற்றினார். அந்த ஆண்டின் பருவம் முடிந்ததும் விளையாட்டிலிருந்தே விலகினார்.

ரக்பியில் ஒரு விதி உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருபவருக்கே கொடுக்க வேண்டும். முன்னேறும் அணி ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் வருபவரின் கையில் ஒப்படைத்தே முன்னேறுகிறது. பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஆலோசனையும் இதற்கு ஒத்ததே: கேட்டறிந்ததை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கும்படி அவர் எழுதினார். கர்த்தரும் லேவியருக்கு இதையே கட்டளையாகக் கொடுத்தார். ஐம்பது வயதானவன் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிவிடை வேலையிலிருந்து ஓய வேண்டும். ஆனால் அவன் தள்ளப்பட்டவன் அல்லன்; தன் சகோதரரோடு இருந்து அவர்களுக்குத் துணைசெய்து, காவலைக் காப்பான். வேலை முடிகிறது, உறவும் மதிப்பும் தொடர்கின்றன.

இதைச் சபையாருக்குச் சொல்லும் அதே வேளையில், ஆயர்களாகிய எங்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். பொருளாளர் பொறுப்பையோ பாடகர் குழுவின் தலைமையையோ பிரசங்க பீடத்தையோ விடமுடியாமல் பற்றிக்கொண்டிருப்பது உண்மையுள்ள ஊழியத்துக்கு அடையாளமன்று. நான் போனால் எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணம் பல நேரங்களில் பக்தியின் உடை அணிந்த அவிசுவாசமாகவே இருக்கிறது. ஓ'டிரிஸ்கால் இல்லாத அடுத்த ஆண்டில், 2015இல், அயர்லாந்து மறுபடியும் அந்தப் பட்டத்தை வென்றது. அவருடைய பதினைந்து ஆண்டுகள் வீணாயின என்று இதற்குப் பொருளல்ல. அவை பலன் தந்தன என்றே பொருள்.

ஆனால் எல்லாருக்கும் அழகான விடைபெறுதல் அமைவதில்லை. ஓ'டிரிஸ்காலின் தோழரும், அவருக்குப் பின் அயர்லாந்து அணியின் தலைவருமான பால் ஓ'கானல், 2015 அக்டோபரில் உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் தொடைத் தசை கிழிந்து, தூக்குப் படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டார். அதற்குப் பின் அவர் ஆடவே இல்லை. ஓ'டிரிஸ்காலும் தம் வாழ்வின் கடைசி ஆட்டத்தில், லென்ஸ்டர் அணிக்காக ஆடியபோது, பத்து நிமிடங்கள்கூட நிற்க முடியாமல் காயத்தோடு வெளியேறினார்.

நம் நடுவிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்த சகோதரி, பார்வை மங்கியதால் ஒரு நாள் வராமல் நின்றுவிடுகிறார். விடியற்காலையில் ஆலயத்தைத் திறந்து மணியடித்த கோவில் ஊழியர், முழங்கால் வலியால் வீட்டோடு அடங்கிவிடுகிறார். அவர்களுக்காக எவரும் எழுந்து நிற்பதில்லை. அடக்க ஆராதனையில் மட்டும் மலர்வளையம் வைத்து அவர்களுடைய நற்செயல்களைப் பட்டியலிடுகிறோம். யோப்பாவின் விதவைகள், தொற்காள் மரித்த பின்பே அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள். கர்த்தர் அவளை உயிரோடெழுப்பியதால் அவர்களால் அவளுக்கு நேரிலே நன்றி சொல்லவும் முடிந்தது. அப்படியொரு தருணம் நமக்கும் வாய்க்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் விசுவாச வாழ்வில் உழைத்து, இப்போது ஒதுங்கியிருக்கும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். பொன்னாடையும் புகழுரையும் வேண்டாம். அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்: “ஐயா, எனக்கு முதல் ஜெபத்தைக் கற்றுத் தந்தவர் நீங்கள்.” பவுலும் ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் மரியாள், பெர்சியாள் என்று பெயர் பெயராக, அவரவர் உழைப்பை நினைத்தே வாழ்த்துகிறார். பின்பு, அவருடைய இடத்தில் இன்று நிற்கும் இளையவரை அவரோடு ஒப்பிட்டுக் குறைகூறாமல் தாங்குங்கள். மூத்தவருக்குச் செய்யும் மரியாதையில் அதுவும் ஒரு பாதி.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்களுக்கு முன் உழைத்தவர்களைத் தந்ததற்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்கள் கேட்கும்போதே நன்றி சொல்லும் நாவையும், எங்கள் வேளை வரும்போது மகிழ்ச்சியோடு ஒப்படைக்கும் கைகளையும் எங்களுக்குத் தாரும். எவரும் வழியனுப்பாமல் ஓய்ந்துபோனவர்களை நீரே கனப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.