மனநோய் தீர்க்கும் படிப்பு: பட்டம் மட்டும் இருந்தால் போதுமா?

உடம்பில் காய்ச்சல் கண்டால் மக்கள் டாக்டரிடம் ஓடுகிறார்கள். மனத்தில் நோய் கண்டால்? பல வீடுகளில் ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். சிலர் மந்திரவாதியைத் தேடிப் போகிறார்கள்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த கோரத்தை நாடு மறக்கவில்லை. மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

அந்த நிலை இப்போது மாறி வருகிறது. மனநோய்க்கும் சிகிச்சை உண்டு என்று மக்கள் அறிந்து வருகிறார்கள். "கிளினிக்கல் சைக்காலஜி" என்னும் மருத்துவ மனோதத்துவப் படிப்பில் சேர மாணவ, மாணவிகள் விரும்புகிறார்கள். சிறிய தனியார் பல்கலைக்கழகங்களும் இந்தப் படிப்பை நடத்துகின்றன. ஆனால், பணத்தைக் கட்டுவதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இவர் யார்?

மனநோய் டாக்டர் வேறு. மருத்துவ மனோதத்துவ நிபுணர் வேறு. டாக்டர் எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு மனநோய் மருத்துவம் படித்தவர். அவர் மருந்து எழுதிக் கொடுப்பார். மனோதத்துவ நிபுணர் மருந்து கொடுப்பதில்லை. நோயாளியிடம் பேசுகிறார். சோதனைகள் வைக்கிறார். பயத்தையும் துயரத்தையும் படிப்படியாகக் குறைக்கப் பயிற்சி அளிக்கிறார். குழந்தையின் அறிவு வளர்ச்சியைச் சோதித்துச் சொல்பவரும் இவரே.

இத்தகையவர்கள் நாட்டுக்கு நிறையத் தேவை. 2015-16-ம் ஆண்டு 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கூறியது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

இரண்டு அனுமதி

கல்லூரிப் பட்டம் செல்ல வேண்டுமானால், அதை வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பல பெற்றோர் இதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள்.

இந்தப் படிப்புக்கு அது போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதியும் வேண்டும். இது 1992-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட கவுன்சில். அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் மருத்துவ மனோதத்துவ நிபுணராகத் தொழில் செய்யலாம். பதிவு செய்யாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இந்தக் கவுன்சிலின் அனுமதியை வற்புறுத்துகிறது.

ஆகவே, ஒரே பெயருள்ள இரண்டு பட்டங்களுக்கு இரண்டு மதிப்பு! கவுன்சில் அனுமதி பெற்ற இடத்தில் படித்தவர் நிபுணராகப் பதிவு செய்யலாம். அனுமதி பெறாத இடத்தில் படித்தவர் அதே பெயருள்ள பட்டத்தை வாங்கினாலும், அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது.

மாறி வரும் விதிகள்

முன்பு எம்.ஏ. முடித்து, இரண்டு ஆண்டு எம்.பில். படித்தவர்கள் நிபுணர் ஆனார்கள். 2022-ம் ஆண்டு மானியக் குழு எம்.பில். பட்டத்தையே நிறுத்த விதி செய்தது. இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்குச் சலுகை கிடைத்தது. இதற்கிடையே மறுவாழ்வு கவுன்சில் புதிய படிப்புகளை வகுத்தது.

2025-ம் ஆண்டு இன்னொரு உத்தரவு வந்தது. மனோதத்துவத்தைத் தபால் மூலமோ, ஆன்லைன் மூலமோ கற்பிக்கக் கூடாது என்று மானியக் குழு கூறிவிட்டது. நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கற்க வேண்டிய வித்தையை வீட்டில் உட்கார்ந்து கற்க முடியுமா?

சின்ன இடம் கெட்டதா?

சிறிய பல்கலைக்கழகம் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. வகுப்பில் சிலரே இருந்தால், ஆசிரியர் ஒவ்வொருவரையும் பக்கத்தில் வைத்துத் திருத்தலாம். இந்தப் படிப்புக்கு அது பெரிய வரம்.

ஆனால் நோயாளிகள் எங்கே? அதுதான் கேள்வி. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கிணற்றில் குதிக்க முடியாது. மனநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனை வேண்டும். அங்கே அனுபவசாலியின் மேற்பார்வையில் மாணவர் நாள்தோறும் பழக வேண்டும். அழகான கட்டிடமும் பளபளக்கும் விளம்பரமும் அதற்கு ஈடாகாது.

பெற்றோர் மூன்று கேள்வி கேட்கட்டும். இந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு, கவுன்சில் அனுமதி உண்டா? பயிற்சி எந்த மருத்துவமனையில்? மேற்பார்வை செய்பவரின் பெயர் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா? பதிலை வாய்ச்சொல்லாகக் கேட்டால் போதாது. எழுத்தில் வாங்க வேண்டும். கவுன்சிலின் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவும் வேண்டும்.

நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. பட்டம் செல்லாமல் போனால் அந்தப் பணம் போகும். பிள்ளையின் வயதும் போகும். அரைகுறையாகப் படித்தவரிடம் ஒரு நோயாளி போய்ச் சேர்ந்தாலோ, உயிருக்கே ஆபத்து.

கன்றுக்குட்டி வாங்கினாலும் சுழி பார்க்கிற நாடு இது. மனித மனத்தைத் தொடும் படிப்புக்கு அனுமதிச் சீட்டைப் பார்ப்பதில் தவறு என்ன?