கடலடி நிலமும் காற்றாலைத் திட்டமும்

தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் சக்தியுள்ள காற்றாலைகள் அமைவதற்கு உதவியாக, மத்திய மந்திரி சபை 2024 ஜூன் மாதத்தில் 7,453 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அங்கீகரித்தது. இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் ஆலையைச் சுழற்றும் காற்றைப் பற்றி நடக்கும் விவாதத்தில் ஒரு பங்குகூட, அதைத் தாங்கவேண்டிய கடலடி மண்ணைப் பற்றி நடப்பதாகத் தெரியவில்லை.

காற்றாலைகளை நாட்டும் கப்பல்கள் பெரும்பாலும் எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் போலவே கால்களைக் கடலடியில் ஊன்றி, உடலை நீருக்குமேல் உயர்த்தி நிற்பவை. 1974-ல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்ட 'சாகர் சம்ராட்' இவ்வகையைச் சேர்ந்ததே. வேலை தொடங்குமுன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிப் பாரமேற்றி, கால்களை அழுத்திச் சோதிப்பது வழக்கம். அபாயம் அப்பொழுதுதான் நேருகிறது. மெல்லிய மணற்படுகையின் கீழ் இளகிய களிமண் இருக்குமாயின், மணல் முதலில் பாரத்தைத் தாங்கும். பாரம் மிகுந்ததும் திடீரென அறுபட்டுக் களியினுள் இறங்கும். காலும் உடன் புதைந்து மேடை சாயும். ஆகவே, மண்ணின் சராசரி பலத்தை அறிவது போதாது. எந்தப் படுகை எதன்மேல் எவ்வளவு கனத்தில் கிடக்கிறதென்பதை, கால் ஊன்றும் ஒவ்வோரிடத்திலும் அறிய வேண்டும்.

மண்ணின் ஜாதியும் ஏமாற்றும். 1982-ல் ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் மேடைக்கு அடித்த எஃகுக் குழாய்கள், சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் எதிர்பார்த்த எதிர்ப்பின்றி இறங்கிவிட்டன. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தப் பெருஞ்செலவு பிடித்தது. பவளச் சுண்ணப்பாறை நிறைந்த இராமேசுவரக் கரையையுடைய நாம் இதை மறக்கலாகாது.

வைகை மணலுக்கும் திருமங்கலம் கரிசலுக்கும் ஒரே அஸ்திவாரம் போட நமது கொத்தனார்கள் சம்மதிக்கமாட்டார்கள். குழி வெட்டிப் பார்த்த பிறகே கல் வைப்பார்கள். கடலுக்கும் நியாயம் அதுவே. மண்ணின் நிலை அறியாத ஒப்பந்தக்காரர் தமது அச்சத்தையும் விலையில் சேர்ப்பார். அதைச் செலுத்துவோர் மின்சாரம் வாங்கும் ஜனங்களே. சாட்சியை விசாரியாது தீர்ப்பெழுதுவதை எந்த நீதிமன்றமும் ஒப்பாது. எனவே, டெண்டர் கோருமுன் சர்க்கார் தம் செலவில் கடலடியைத் துளைத்து ஆராய்ந்து, முடிவுகளனைத்தையும் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென வற்புறுத்துகிறோம்.